ஹம் ஓட்டம்: வான்களுக்கு டாக்கோகிராஃப் வந்தபோது எங்கள் கிளிநொச்சி அலுவலகம் பட்ட பாடு

"எங்கட சாமான், எங்கட வான். கூலிக்கு ஓடுற ஆக்களுக்குத்தான் உந்தச் சட்டம். நீ சும்மா பயப்பிடாத பிள்ளை."

பாரிசிலிருந்து மாமா இப்படிச் சொல்லி ஃபோனை வைத்தபோது கிளிநொச்சியில் இரவு எட்டரை. கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. நாலு பேர், நாலு கணினி, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் ஒரு பற்றரி. பாரிஸ் புறநகரான லா கூர்நெவ்வில் மாமா நடத்தும் மொத்த வியாபாரத்துக்கு ஓடர் எடுப்பது, பில் போடுவது, எந்த வான் எந்தக் கடைக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடுவது எல்லாம் இங்கிருந்துதான். முருங்கைக்காய், மரவள்ளி, ஐஸ்மீன், பலசரக்கு. பாரிஸ் லா ஷப்பல் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்கும், கிழமைக்கு இரண்டு தடவை எல்லை தாண்டி ஜேர்மனியில் டோர்ட்முண்ட், ஹம், எசன் கடைகளுக்கும் போகும். லண்டனுக்கும் ஒருகாலம் ஓடினோம். பிரெக்சிட்டுக்குப் பிறகு வந்த கடதாசி வேலையில் மாமா கையைத் தூக்கிவிட்டார்.

மாமா சொன்ன "உந்தச் சட்டம்" இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு ஓட்டும் நேரக் கட்டுப்பாடும், அதைப் பதியும் டாக்கோகிராஃப் பெட்டியும் நெடுங்காலமாக உண்டு. 2020இல் செய்த திருத்தம் அதை வான்களுக்கும் நீட்டியது. 2026 ஜூலை 1 முதல், 2.5 தொன்னுக்கு மேற்பட்ட சரக்கு வான் எல்லை தாண்டி ஓடினால், அல்லது வேறொரு நாட்டுக்குள் போய் அங்கே உள்ளூர்ச் சரக்கு ஏற்றி இறக்கினால், இரண்டாம் பதிப்பு ஸ்மார்ட் டாக்கோகிராஃப் பூட்டியிருக்க வேண்டும். ஓட்டுநர் ஓட்டும் நேர விதிகளுக்குள் வந்துவிடுவார்.

எங்களிடம் ஏழு வான். ஐந்து 3.5 தொன், இரண்டு சின்னது. அந்த ஏழு வானையும் எப்படித் தயார்ப்படுத்தினோம், எங்கே பிழை விட்டோம் என்பதை ஒழுங்காக எழுதி வைக்கச் சொன்னது எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் வவுனியாப் பல்கலைக்கழகத்துத் தங்கச்சி. அவள் கேட்டது அட்டவணை. எனக்கு வந்தது கதை.

அந்த ஒரு 'உம்'

மாமாவின் வாதத்தில் பாதி உண்மை இருந்தது. சொந்தச் சரக்கை ஏற்றும் வான்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கை வாசித்தால் இரண்டு நிபந்தனை: சரக்கு கூலிக்கு அல்லாமல் சொந்தக் கணக்கில் போக வேண்டும், வாகனம் ஓட்டுவது அந்த ஆளின் முதன்மை வேலையாக இல்லாமலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. தன் வானில் குழாயும் சாவியும் ஏற்றிக்கொண்டு பக்கத்து நாட்டில் குளியலறை பூட்டப் போகிற ஆளுக்கு அது பொருந்தும். எங்கள் ஆட்களுக்குக் கிழமை முழுதும் வேலையே ஸ்டேரிங்தான். அந்த 'உம்' எங்களைப் பிடித்துவிட்டது.

இதை மாமாவுக்கு விளங்கப்படுத்த மூன்று இரவு பிடித்தது. மூன்றாம் இரவு அவராகவே இன்னொன்றைச் சொல்லிவிட்டார். ஜேர்மனியிலிருந்து வரும்போது வெறும் வான்தானே என்று யாரோ ஒருவரின் மா அரைக்கும் மெஷினையும், புடவைக்கடைப் பார்சல்களையும் ஏற்றிவந்து காசு வாங்கியிருக்கிறார்கள். அப்படியானால் அது சொந்தச் சரக்கே இல்லை, கூலி ஓட்டம். எல்லை தாண்டிக் கூலிக்கு ஓடும் 2.5 தொன்னுக்கு மேற்பட்ட வான்களுக்கு 2022 மே 21 முதல் போக்குவரத்து உரிமமே வேண்டும். ஜூலை வரை காத்திருக்கத் தேவையில்லை, அந்த விஷயத்தில் நாங்கள் ஏற்கெனவே பிழையான பக்கத்தில் நின்றோம். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அதை நிப்பாட்டுவம்" என்றார். திரும்பும் வான் அன்றிலிருந்து வெறுமையாகத்தான் வருகிறது.

சுற்றுவழிகளும் பேசப்பட்டன. பாதி ஏற்றினால் பாரம் குறைவுதானே என்றார் ஒருவர். கணக்கில் வருவது அன்றைக்கு ஏற்றிய பாரமல்ல, பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் உச்ச நிறை. சின்ன வானில் ட்ரெய்லர் கொளுவினால் என்ன என்றார் இன்னொருவர். ட்ரெய்லரின் உச்ச நிறையும் சேர்ந்துதான் அந்த 2.5. அதற்குப் பிறகு யாரும் சுற்றுவழி பேசவில்லை.

முடிவு: ஏழுக்கும் பூட்டுவதில்லை. பிரான்சுக்குள் மட்டும் ஓடும் வானுக்கு இந்த விதி இல்லை. இரண்டு வானை எல்லைக்கு என்று ஒதுக்கினோம், மூன்று ஓட்டுநரை அதற்கென்று பிரித்தோம். செலவு குறைந்தது. ஆனால் பூட்டிய வான் ஒன்று பழுதானால் களஞ்சியத்தில் நிற்கும் மற்ற வானை எடுத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. இந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

பழைய ஓட்டத்தின் உண்மை

பெட்டி பூட்டுமுன், இப்போது உண்மையில் எப்படி ஓடுகிறோம் என்று பார்க்க வேண்டும் என்றேன். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. ஓட்டுநர்களுக்கும்தான். கேட்டால் எல்லாரும் "சாதாரணமாத்தான் ஓடுறம்" என்றார்கள். ஆகவே ஆட்களைக் கேட்காமல் கடதாசியைக் கேட்டோம். பிரான்ஸ் நெடுஞ்சாலையில் பேயாஜ் (வீதிக் கட்டணம்) கட்டும் இடங்களின் மாதக் கணக்கில் நேரம் இருக்கும். டீசல் ரசீதில் நேரம் இருக்கும். கடைக்காரர் சாமான் வாங்கியதும் வாட்சப்பில் அனுப்பும் படத்தில் நேரம் இருக்கும். எட்டுக் கிழமைக்கு இவற்றைச் சேர்த்து ஒரே தாளில் போட்டோம்.

செவ்வாய்க்கிழமை ஹம் ஓட்டம் இப்படி இருந்தது. அதிகாலை 2 மணிக்கு ஓட்டுநர் களஞ்சியத்துக்கு வருகிறார். றுஞ்சிஸ் மொத்தச் சந்தை போய் மீனும் மரக்கறியும் தானே ஏற்றுகிறார். 5 மணிக்கு அங்கிருந்து வெளிக்கிட்டு, பெல்ஜியம் ஊடாக டோர்ட்முண்ட். வழியில் டீசலுக்கு நின்ற 20 நிமிடம் தவிர நிற்கவில்லை. டோர்ட்முண்டில் இறக்கி, ஹம் போய் இறக்கி, எசன் கடைக்காரர் வேலை முடிந்து வரும்வரை மாலை ஆறு மணி மட்டும் காத்திருந்து, அங்கேயும் இறக்கி, திரும்பி லா கூர்நெவ் வந்து சேர நள்ளிரவு தாண்டி 12.15.

ஓட்டிய நேரம் மட்டும் 13 மணித்தியாலம் 20 நிமிடம். விதி என்ன சொல்கிறது? நாளுக்கு 9 மணித்தியாலம்; கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். கிழமைக்கு 56, அடுத்தடுத்த இரண்டு கிழமைக்கும் சேர்த்து 90. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை. அதைப் பிரிப்பதென்றால் முதலில் 15, பிறகு 30, அந்த ஒழுங்கில்தான். 24 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியாலத் தொடர் ஓய்வு, இடைக்கிடை 9 ஆகக் குறைக்கலாம். எங்கள் ஆளுக்கு அந்த 24 மணித்தியாலத்தில் மிஞ்சியது ஒன்றே முக்கால். அந்தத் தாளில் ஒரு நாளுக்கான விதிகளில் நாங்கள் மீறாதது ஒன்றுகூட இல்லை.

தாளைப் பார்த்த மாமா முதலில் சொன்னது, "இவன் இப்பிடியே ஓடுறவன்?" என்பதுதான். அதைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் அந்த அட்டவணையைப் போட்டது நான். கிளிநொச்சியில் மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, டோர்ட்முண்ட் 11 மணி, ஹம் 1 மணி, எசன் 6 மணி என்று மூன்று பெட்டிக்குள் எழுதியவள் நான். அந்த மூன்று பெட்டிக்கும் நடுவில் ஒரு மனிதன் நித்திரை கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிய நான் விரும்பவுமில்லை என்று எழுதினால் அது இன்னும் சரியாக இருக்கும்.

ஓட்டுநர்களைப் பயிற்றுவிப்பதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். இந்தத் தாளுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. மாற வேண்டியது நாங்கள் கடைக்காரருக்குக் கொடுத்திருந்த நேரம்.

பெட்டி

பூட்டுவது லேசான பகுதி, ஆகவே இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். அங்கீகாரம் பெற்ற பட்டறையில்தான் பூட்ட வேண்டும். அவர்கள் அளவு திருத்தி முத்திரை போட்டுத் தருவார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் காட்ட வேண்டும். லொறிக்கென்று வடிவமைத்த பெட்டி வானுக்குள் அப்படியே பொருந்திவிடும் என்று நம்ப வேண்டாம். வேகத்தை அளக்கும் உணரியைப் பொருத்த இடமில்லாத வான்களுக்கு இணைப்பி ஒன்று தேவைப்படும். எங்கள் இரண்டில் ஒன்றுக்குத் தேவைப்பட்டது. பட்டறையில் நாள் கிடைக்க ஆறு கிழமை ஆனது.

இந்தப் பெட்டி பழைய டாக்கோகிராஃப் போல வேகத்தையும் நேரத்தையும் மட்டும் பதிவதல்ல. செய்மதியால் இடத்தை அறிந்து, எல்லை தாண்டுவதைத் தானாகவே எழுதிக்கொள்ளும். பிரான்ஸ், பெல்ஜியம், ஜேர்மனி என்று ஒரு ஓட்டத்தில் மூன்று நாடு, மூன்றும் விழும். வீதியோரம் நிற்கும் அதிகாரிகள் ஓடிக்கொண்டிருக்கும் வானிலிருந்தே சில தரவுகளை வாசித்து, எதை மறிப்பது என்று முடிவுசெய்யலாம். மறித்தால் அன்றைய நாளுக்கும் அதற்கு முந்திய 56 நாளுக்கும் பதிவு காட்ட வேண்டும். 2024 கடைசிவரை அது 28 நாளாக இருந்தது.

ஓட்டுநர் தன் பெயரில் பெட்டிக்குள் செருகும் ஓட்டுநர் அட்டைக்கு ஆளாளுக்கு விண்ணப்பித்தோம். ஒருவரின் விலாசம் பழையதாக இருந்ததில் அவருடைய அட்டை பிந்தியது. கொம்பனி அட்டையை மட்டும் எல்லாருமே மறந்துவிட்டோம். அது இல்லாமல் பெட்டியை எங்கள் பெயரில் பதிந்துகொள்ளவும் முடியாது, வானிலிருந்து தரவை இறக்கவும் முடியாது. புதுப் பெட்டி பூட்டிய வான் ஒன்று இரண்டு கிழமை ஓடியது, உள்ளே இருந்ததை எங்களால் எடுக்க முடியவில்லை. இதைச் செய்யப்போகிறவர்கள் கொம்பனி அட்டைக்கு முதலில் விண்ணப்பியுங்கள், பட்டறைக்குப் பிறகு ஃபோன் பண்ணுங்கள். ஓட்டுநர் அட்டையை 28 நாளுக்குள்ளும் வானின் பெட்டியை 90 நாளுக்குள்ளும் இறக்கியாக வேண்டும். கோப்புகளை ஆகக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் அட்டையை ஒவ்வொரு திங்களும் இறக்குகிறோம். 28 நாள் கழித்துப் பிழையைப் பார்த்து யாருக்கு என்ன லாபம்?

ஓட்டுநர் எங்கே எப்போது நின்றார் என்ற விவரம் ஐரோப்பாவிலிருந்து இலங்கைக்கு வருவதால் தனிநபர் தரவுச் சட்டமும் குறுக்கே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தந்திருக்கும் மாதிரி ஒப்பந்த வாசகங்களில் மாமாவின் கொம்பனியும் நாங்களும் கையெழுத்திட்டோம். எங்கள் திரையில் பெயர் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் மட்டும். மூன்று பேரில் யார் எந்த இலக்கம் என்று எல்லாருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஒத்திகை

பெப்ரவரி நடுவில் ஒத்திகை தொடங்கினோம். சட்டம் இன்றே வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு ஓடுவது, பிழைகளை எண்ணுவது.

முதல் கிழமையில் விழுந்த பிழைகளில் பெரும்பாலானவை ஒரு பொத்தானால் வந்தவை. வான் நின்றதும் பெட்டி தானாக 'வேறு வேலை'க்குப் போய்விடும். திரையில் குறுக்காக இரண்டு சுத்தியல் படம் வரும். ஓய்வு என்றால் ஓட்டுநர் கையால் அழுத்திக் கட்டில் படத்துக்கு மாற்ற வேண்டும். சோறு சாப்பிட்டுக் கால் நீட்டிப் படுத்த ஒரு மணித்தியாலம் முழுவதும் சுத்தியலாகப் பதிந்திருந்தது. இரண்டாம் இலக்கக்காரர் ஒரு காகிதத்தில் 'கட்டில்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டேரிங்குக்கு நேரே ஒட்டினார். வேறு பயிற்சி ஒன்றும் தேவைப்படவில்லை.

அதைவிட நுட்பமான பிழை எசனில் விழுந்தது. புது அட்டவணையில் ஓட்டுநர் ஹம்மில் இரவு தங்கி, காலையில் எசன் கடைக்கு இறக்கிவிட்டுப் பாரிஸ் திரும்புகிறார். ஹம்மிலிருந்து எசனுக்கு 55 நிமிடம் ஓட்டம், இறக்க 45 நிமிடம். "முக்கால் மணித்தியாலம் நிண்டனான்தானே" என்று நினைத்து அங்கிருந்து புறப்பட்டு நாலு மணித்தியாலம் இருபது நிமிடம் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டார். நாலரைக்குள்தானே? இல்லை. சாமான் இறக்கும் நேரம் இடைவேளை ஆகாது, அது சுத்தியல். ஆகவே முந்திய 55 நிமிடமும் கூடி 5 மணித்தியாலம் 15 நிமிடமாகப் பதிந்தது. வான் நிற்பதும் ஆள் ஆறுவதும் ஒன்றல்ல என்று இந்த விதி பிடிவாதமாகச் சொல்கிறது. வாசித்தபோது அற்பமாகப் பட்டது. ஐஸ்மீன் பெட்டி தூக்கியவர்களைக் கேட்டால் அது நியாயமான பிடிவாதம் என்பார்கள். இப்போது எசனிலிருந்து மூன்றரை மணித்தியாலத்துக்குள் நிற்கும் இடம் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது.

மூன்றாவது பிழை என்னுடையது.

பெட்டி எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் பதிகிறது. பிரான்ஸ் குளிர்காலத்தில் அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னே, கோடையில் இரண்டு. நாங்கள் ஐந்தரை முன்னே. அதாவது எங்களுக்கும் பாரிசுக்கும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியால வித்தியாசம், கோடையில் மூன்றரை. ஒத்திகைக் காலத்தில் மென்பொருள் வாங்காமல், கோப்பைக் கையால் தாளில் ஏற்றி, பெட்டி நேரத்தோடு ஒன்று கூட்டிக்கொண்டிருந்தேன். மார்ச் 29 ஞாயிறு பிரான்ஸ் கடிகாரத்தை முன்னே தள்ளியது. நான் தொடர்ந்து ஒன்றே கூட்டினேன்.

அடுத்த செவ்வாய் ஓட்டத்தில், என் தாளின்படி காலை 8 முதல் 8.45 வரை முதலாம் இலக்கக்காரர் இடைவேளையில் இருக்கிறார். ஆனால் வானைக் காட்டும் செயலியில் 8.20க்கு வான் பெல்ஜியம் வீதியில் நூறில் பறக்கிறது. ஓய்வு என்று பதிந்துகொண்டு ஓடுவதென்றால் அட்டையில் விளையாடுகிறார் என்று அர்த்தம். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. எனக்குக் கோபம். அன்றிரவே ஃபோன் எடுத்து, என்னைவிட இருபது வயது மூத்த ஆளை, "அண்ணை, கார்டைக் கழட்டிப்போட்டே ஓடினனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து மெல்ல, "பிள்ளை, இஞ்ச ஞாயிற்றுக்கிழமை நேரம் மாத்தினவங்கள். நீர் மாத்தினனீரோ?" என்றார்.

மாற்றவில்லை. அவர் 9 மணிக்கு லியேஜுக்குக் கிட்ட நின்று ஒழுங்காக 45 நிமிடம் படுத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வன்னியாளுக்கு நேரம் பிழைக்கக் கூடாது" என்றார்.

அந்தப் பகிடி இங்கே வளர்ந்தவர்களுக்குத்தான் விளங்கும். 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டுக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலம் முழுதும் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டினால் கைக்கடிகாரத்தில் அரை மணித்தியாலம் கூடும் அல்லது குறையும். "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்காமல் ஒரு கலியாண முகூர்த்தமும் நிச்சயிக்க முடியாது. அந்த ஊரில் பிறந்த நான் ஒரு மணித்தியாலத்தைக் கோட்டைவிட்டு, ஒரு மனிசனைக் கள்ளனாக்கப் பார்த்தேன். மறுநாளே தாளில் எல்லா நேரமும் உலகப் பொது நேரத்திலேயே இருக்கட்டும் என்று மாற்றினோம். சுவரில் இப்போது மூன்று மணிக்கூடு தொங்குகிறது.

மேல்மாடி அறை

புது ஹம் ஓட்டத்தின் உயிர் அந்த இரவுத் தங்கல்தான். றுஞ்சிஸில் ஏற்றும் வேலையைக் களஞ்சியத்தில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம். ஓட்டுநர் 5 மணிக்கு வந்து ஏற்றிய வானை எடுக்கிறார், நாலு மணித்தியாலம் ஓடி இடைவேளை, பதினொன்றரைக்கு டோர்ட்முண்ட், பிறகு ஹம். பிற்பகல் மூன்று மணிக்கு வேலை முடிவு. மறுநாள் காலை ஏழரைக்கு எசன் நோக்கிப் புறப்பாடு. ஒரு நாள் ஓட்டம் இரண்டு நாளானது.

எங்கே படுப்பது? முன்பு சீற்றில் சுருண்டு கொள்வார்கள். வாகனத்துக்குள் நாளாந்த ஓய்வு எடுப்பதென்றால் படுக்க ஏற்ற வசதி அதில் இருக்க வேண்டும், வாகனம் நிற்க வேண்டும். எங்கள் வானில் மூன்று சீற்றும் ஒரு கைத்தடுப்பும்தான் இருக்கின்றன. ஹம் கடைக்காரர், "என்ர கடைக்கு மேல அறை சும்மா கிடக்கு, பெடியன் வந்து படுக்கட்டும்" என்றார். காசும் வேண்டாமென்றார். மாமாவுக்கு ஒரே சந்தோசம்.

மூன்றாம் கிழமையில் ஓட்டுநரோடு வேறு ஏதோ கதைக்கும்போது விஷயம் வெளிவந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கடை பூட்டும் நேரம், கீழேயிருந்து ஒரு குரல் வருமாம்: "தம்பி, ஒருக்கா வந்து இந்த அரிசி மூட்டையைப் பிடிச்சுவிடு." சாப்பாடு போட்டவர், படுக்க இடம் தந்தவர். எப்படி மாட்டேன் என்பது? பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் ஓய்வை இரண்டாக வெட்டுகிறது. அதைப் பதிந்தால் ஓய்வு குறைகிறது, பதியாவிட்டால் பதிவு பொய். அவரைத் தன் நேரத்துக்குத் தானே ராசாவாக விட்டால்தான் அது ஓய்வு.

கடைக்காரரிடம் இதை யார் சொல்வது என்பதில் எங்களுக்குள் ஒரு கிழமை இழுபறி. கடைசியில் மாமா வாடகை என்று ஒரு தொகையை அவருடைய கணக்கில் கழித்துவிட்டார். கடைக்காரருக்கு முகம் கொஞ்சம் மாறியது, இனாம் உறவு கணக்கு உறவானதில் வருத்தம். ஆனால் வாடகை கொடுத்துப் படுக்கும் ஆளை மூட்டை தூக்கக் கூப்பிட முடியாதல்லவா, குரல் நின்றுவிட்டது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த ஏற்பாடுதான் முழுத் திட்டத்திலும் எனக்குப் பிடித்தது.

எசன் கடைக்காரர் இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறார். மீன் அவருக்கு ஒரு இரவு பிந்துகிறது. அவர் பகலில் வேலைக்குப் போவதால் காலையில் மனைவிதான் சாமானை எண்ணி எடுக்க வேண்டும். ஏற்றுக்கூலியை விட்டுக்கொடுத்துச் சமாளித்தோம்.

ஓட்டக் காசு

ஓட்டுநர்கள் பயந்தது பெட்டிக்கு அல்ல, வருமானத்துக்கு. அவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மேலே ஓட்டத்துக்கு இவ்வளவு என்று உண்டு. செவ்வாய் ஹம், புதன் பாரிஸ், வெள்ளி ஹம், சனி பாரிஸ் என்று நாலு ஓட்டக் காசு வந்தது. இப்போது அதே நாலு நாளில் இரண்டு ஓட்டம்தான். மூன்றாம் இலக்கக்காரர் முழங்காவில் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். மேற்கூரைக்கு மாதாமாதம் அனுப்பும் காசு இந்த ஓட்டக் காசுதான். அவர் என்னிடம் கேட்டது நேரான கேள்வி: "நான் நித்திரை கொள்ளுறதுக்கு என்ர காசைப் பிடிக்கிறீங்களோ?"

ஓட்டக் காசும் அந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றமற்றதல்ல. போன தூரம், கொண்டுபோய்ச் சேர்த்த வேகம், ஏற்றிய அளவு ஆகியவற்றுக்குத் தரும் கொடுப்பனவு வீதிப் பாதுகாப்பைக் கெடுப்பதாகவோ மீறலைத் தூண்டுவதாகவோ இருந்தால் அது தடை. ஓட்டுநர் விடும் மீறலுக்குக் கொம்பனியும் பொறுப்பு. ஆகவே மாமா கணக்காளரோடு உட்கார்ந்து, ஓட்டக் காசை எடுத்துவிட்டு, எல்லைக்கு ஓடும் மூவருக்கும் மாதச் சம்பளத்தைக் கூட்டினார். முன்பு நல்ல மாதத்தில் கிடைத்ததைவிடக் குறைவு, மோசமான மாதத்தில் கிடைத்ததைவிடக் கூட. மூன்றாம் இலக்கக்காரருக்கு அது போதவில்லை. ஏப்ரல் கடைசியில் அவர் எல்லை ஓட்டத்தை விட்டுப் பாரிஸ் உள்ளூர் வானுக்கே போய்விட்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. இந்த மாற்றத்தின் விலையை மாமாவும் கட்டினார், கடைக்காரரும் கொஞ்சம் கட்டினார். ஆனால் முதலில் கட்டச் சொல்லிக் கேட்கப்பட்டவர் அவர்தான்.

உள்ளூருக்கும் எல்லைக்கும் ஒரே ஆளை மாறிமாறிப் போட்டால், பெட்டி இல்லாத வானில் உள்ளூரில் ஓட்டிய நேரத்தையும் 'வேறு வேலை' என்று அட்டையில் கையால் ஏற்ற வேண்டும். மறந்தால் 56 நாளுக்கு அந்த ஓட்டை பின்னால் வரும். ஆட்களைப் பிரித்துவைத்தது இந்தத் தலையிடிக்காகவும்தான். மூன்று பேர் இரண்டானதும் அந்த வசதி மெலிந்துவிட்டது.

தேர்க் கிழமை

ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஐரோப்பா எங்குமிருந்து சனம் வரும். அந்தக் கிழமை ஜேர்மனிக் கடைகளின் ஓடர் மற்றக் கிழமைகளைப் போல இராது. வாழையிலை, தேங்காய், மரக்கறி என்று வழக்கமான இரண்டு ஓட்டத்தோடு மூன்றாவதும் கேட்டார்கள். டோர்ட்முண்ட் கடைக்காரர் தானே ஃபோன் எடுத்தார். ஜூலை 1 வர இன்னும் நாள் இருந்தது.

"ஜூலைக்கு முன்னம்தானே. இந்த ஒருக்கா பழையமாதிரி ஓடலாம்," என்றார் மாமா. எனக்கும் உள்ளுக்குள் ஆசை. தாளை எடுத்துப் பார்த்தேன். முதலாம் இலக்கக்காரர் அன்று பிற்பகல்தான் எசனிலிருந்து திரும்பியிருந்தார். இரண்டாம் இலக்கக்காரர் கிழமை ஓய்வில் இருந்தார், அவருடைய 45 மணித்தியாலம் முடிய இன்னும் பாதி கிடந்தது. இரண்டு பேரையும் ஒரே வானில் ஏற்றி அனுப்பினால் கணக்கு வேறு. ஆனால் அதற்கு இரண்டு பேரும் ஓய்வு முடித்திருக்க வேண்டும்.

முதலாம் இலக்கக்காரருக்கு எடுத்துக் கேட்டேன். "ஒத்திகை எண்டால் ஒத்திகைதான் பிள்ளை. நான் படுக்கப்போறன்," என்று வைத்துவிட்டார்.

மாமாவுக்குச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அப்ப அவனுக்கு எத்தினை மணிக்குப் பிறகு ஓடலாம்?" என்று கேட்டார். நேரத்தைச் சொன்னேன். அந்த நேரத்துக்குப் புறப்பட்டால் சாமான் தேருக்குப் பிறகுதான் போய்ச்சேரும்.

டோர்ட்முண்ட் கடைக்காரர் வாழையிலையை வேறொரு வியாபாரியிடம் எடுத்துக்கொண்டார். அந்தக் கடையின் ஓடர் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. போன திங்கட்கிழமை அட்டையை இறக்கியபோது இரண்டு இலக்கத்திலும் ஒரு மீறல்கூட இல்லை. மூன்றாவது ஓட்டுநரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.